பச்சை டிக்கெட்டில் ஒரு ஏரி

நாற்பதைத் தாண்டிய பிறகு எனக்குப் படம் வரையும் பைத்தியம் பிடித்திருக்கிறது. சனி, ஞாயிறு வந்தால் போதும், அயனம்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டின் சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்து உட்கார்ந்துவிடுவேன். வீட்டில் மற்றவர்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாக வேண்டும். வெறும் வாட்டர் கலர் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். எனக்கு வந்திருப்பது மிக்ஸட் மீடியா. ஒரே படத்தில் சாயம், கரி, துணி, மணல், பழைய பேப்பர் என்று கையில் கிடைத்ததை எல்லாம் சேர்க்கிற வித்தை அது. வீடியோவில் ஓர் அம்மாள் சொல்லித் தருகிறாள். அட்டையில் முதலில் பூச ஒரு டப்பா, ஒட்டுவதற்கு ஒரு டப்பா, ஒட்டிய பிறகு மேலே தடவ இன்னொரு டப்பா. மூன்றும் கூரியரில் வந்து இறங்கிய அன்று என் வீட்டுக்காரர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணும் ஒரே பசைதானே?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே பசைதான்.

அந்த மூன்று டப்பா வேலையையும் ஒரு கிண்ணம் மைதா பசையில் முடித்தவள் என் சித்தி. இந்தப் பைத்தியம் அவளிடமிருந்துதான் எனக்கு ஒட்டிக்கொண்டது. முப்பது வருஷம் உள்ளேயே கிடந்துவிட்டு இப்போது வெளியே வந்திருக்கிறது.

அப்போது நாங்கள் ஆவடியில், ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ஃபாக்டரியில் ஃபிட்டர். நான் மூன்றாம் வகுப்பு. அம்மாவைப் பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டதால், அம்மாவின் தங்கையான சித்தி சொந்த ஊரான குத்தம்பாக்கத்தை விட்டு எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. அதில் நாலு பேர். தங்கையை ஒருவன் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டிய பொறுப்பு அம்மாவின் தலையில் விழுந்தது. அம்மா எந்தப் பேச்சை எடுத்தாலும் அது சித்தியின் கல்யாணத்தில்தான் வந்து நிற்கும். பால் பொங்கி அடுப்பில் வழிந்தால்கூட, "இவுளுக்கு ஒன்னு முடிஞ்சாத்தான் நான் நிம்மதியா பாலு காச்சுவேன்" என்பாள்.

சித்தி காலையில் அம்மாவோடு வீட்டு வேலை பார்ப்பாள். மத்தியானம் பஸ் பிடித்து அம்பத்தூருக்கு டைப்பிங் கிளாஸ் போவாள். சாயங்காலம் திரும்பி வந்து முகம் கழுவிக்கொண்டதும் நானும் அவளும் ரூமுக்குள் புகுந்துகொள்வோம். அப்பாவுக்கு மதிய ஷிஃப்ட் இருக்கும் வாரம் என்றால் எங்களைக் கேட்க ஆளே கிடையாது.

பெயிண்ட் என்று எங்கள் வீட்டில் இருந்தது ஜன்னலுக்கு அடித்த மிச்சம் மட்டும்தான். அதனால் சித்தி சமையல்கட்டில் கை வைத்தாள். மாதக் காலண்டரின் அட்டைதான் எங்கள் பலகை. வானம் வேண்டுமென்றால் முதலில் மெழுகுவர்த்தியால் அட்டையில் கன்னாபின்னாவென்று கிறுக்குவாள். பிறகு மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து மேலே பூசுவாள். மெழுகு பட்ட இடத்தில் மஞ்சள் ஒட்டாது. அங்கெல்லாம் வெள்ளை வெள்ளையாக மேகம் நிற்கும். அப்புறம் வெள்ளையடித்தபோது மிஞ்சிய சுண்ணாம்பை விரல் நுனியில் தொட்டு வானத்தின் அடியில் ஓர் இழுப்பு இழுப்பாள். மஞ்சள் அப்படியே ரத்தச் சிவப்பாக மாறும். ஆரத்தி கரைக்கும்போது எத்தனையோ தடவை பார்த்த சங்கதிதான். ஆனாலும் ஒரு வானம் என் கண் முன்னால் அஸ்தமித்த அன்று நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள்.

மண்ணுக்குக் காப்பி டிகாக்ஷன். பனைமரத்துக்குத் தேங்காய் நார். தூரத்தில் பறக்கிற பறவைக்குக் கடுகு. ஒரு தடவை ரவையை ஒட்டிக் கடற்கரை செய்தோம். எறும்புகள் ரெண்டே நாளில் வரிசை கட்டி வந்து கடற்கரையைக் காலி பண்ணிவிட்டன. அதிலிருந்து பசை காய்ச்சும்போது சித்தி ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட ஆரம்பித்தாள். விஷம் என்று சொல்லி, ஒட்டி முடித்ததும் என் கையைச் சோப்பு போட்டு ரெண்டு தடவை கழுவிவிடுவாள்.

"சமையலுக்கு வெச்சிருக்கிறத பூரா அட்டைல தேச்சுகினு கீதுங்க ரெண்டும். நாளைக்கு மாமியார் ஊட்ல போயி மஞ்சத்தூள அட்டைல கொட்டினா, என்னைத்தான் கேப்பாங்க" என்று அம்மா ஹாலிலிருந்து சத்தம் போடுவாள். சித்தி என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள்.

பஸ் டிக்கெட் எங்கள் வேலைக்குள் வந்தது அதற்குப் பிறகுதான். இப்போது மெஷினிலிருந்து சரக்கென்று வருகிறதே, ஒரு வாரத்தில் எழுத்தெல்லாம் பறந்துபோகிற வெள்ளைச் சீட்டு, அது இல்லை. அந்த நாளில் டிக்கெட் மெல்லிய பேப்பரில் இருக்கும். ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒரு நிறம். கண்டக்டர் கையில் கட்டுக்கட்டாக வைத்திருப்பார். எச்சில் தொட்டு உருவிக் கிழித்துக் கொடுப்பார். எங்கள் ஸ்கூலில் எல்லோரும் டிக்கெட் சேர்த்தோம். நான் ஜியோமெட்ரி பாக்ஸ் நிறையச் சேர்த்திருந்தேன். சித்தி தன் கிளாஸ் டிக்கெட்டுகளையும் எனக்குத்தான் கொடுப்பாள். அம்பத்தூர் போய்வர ரோஸ் நிற டிக்கெட்.

கொஞ்ச நாளில் ரோஸோடு பச்சையும் வர ஆரம்பித்தது. அதை மட்டும் சித்தி எனக்குக் கொடுக்கவில்லை. கைப்பையின் உள் ஜிப்பில் சேர்த்து வைத்தாள். ஒரு நாள் சாயங்காலம் எல்லாவற்றையும் கட்டில்மேல் கொட்டி, "ஏய், ஏரி ஒன்னு பண்ணலாமாடி?" என்றாள்.

எங்கள் கைவேலையிலேயே பெரிய படம் அதுதான். மேலே மஞ்சளும் சிவப்புமாக வானம். ஓரத்தில் தேங்காய் நார்ப் பனைமரங்கள். கரையில் காப்பிப்பொடிச் சக்கையைத் தூவி ஒரு ஒற்றையடிப் பாதை. நடுவில் பச்சை டிக்கெட்டுகளால் ஒரு ஏரி. வரிசை வரிசையாக, ஒன்றின் விளிம்பு மற்றொன்றின்மேல் ஏறி உட்காரும்படி ஒட்டினோம். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் தண்ணீரில் காற்று அடிப்பது மாதிரியே இருக்கும்.

அந்த வேலையில் சித்திக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. பச்சை டிக்கெட்டுகள் எல்லாம் ரெண்டு ரெண்டாகத்தான் வந்தன. ஒன்றின் நம்பர் முப்பத்தேழில் முடிந்தால் மற்றது முப்பத்தெட்டில் முடியும். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில்தான் ஒட்ட வேண்டும். நான் அவசரத்தில் மாற்றி ஒட்டினால் தலையில் நச்சென்று ஒரு குட்டு விழும். "ஜோடியப் பிரிக்காதடி பாவி. நம்பரப் பாத்து ஒட்டு." படம் என்றால் அப்படித்தான் ஒழுங்காக இருக்க வேண்டும் போலிருக்கிறது என்று நானும் நம்பர் பார்த்துப் பார்த்து ஒட்டினேன். எனக்குக் கணக்கு கொஞ்சம் வந்தது என்றால் அது அந்த ஏரியால்தான்.

"எந்த ஏரிடி இது? நம்ம பருத்திப்பட்டு ஏரியா?" என்று அம்மா கேட்டாள்.

"எதுவும் இல்லக்கா. மனசுல வந்துச்சு, அவ்ளோதான்" என்றாள் சித்தி. படத்தைச் சுவரில் மாட்ட வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். சித்தி சிரித்துக்கொண்டே அதைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் தரகர் ஒரு ஜாதகம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை கவர்மென்ட் பஸ்ஸில் கண்டக்டர். திருமுல்லைவாயிலில் சொந்த வீடு. குடி, சிகரெட் எதுவும் இல்லை. பத்துக்கு எட்டுப் பொருத்தம். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏற்கெனவே ரெண்டு இடம் வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போய், பதில் சொல்லாமலே இருந்துவிட்டார்கள். இதுவும் தட்டிப்போனால் குவார்ட்டர்ஸில் தலை நிமிர்ந்து தண்ணீர் பிடிக்கக்கூட முடியாது என்று அம்மா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். சித்திக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை.

அந்த நாளில் பெண் பார்க்க வருகிற வீட்டில், பெண் கையால் செய்த பொருள் ஒன்று ஹாலில் கண்ணில் பட வேண்டும். ஒயர் கூடையோ, பாசிமணிக் கிளியோ, ஏதோ ஒன்று. எங்கள் வரிசையில் அதற்கென்றே ஒரு மயில் இருந்தது. மூன்றாவது வீட்டு அக்கா கண்ணாடியில் வரைந்து, பின்னால் ஜிகினா பேப்பர் ஒட்டி, ஃப்ரேம் போட்டு வைத்திருந்த மயில். அந்த அக்காவுக்குக் கல்யாணம் முடிந்ததும், பெண் பார்க்கிற வீட்டுக்கெல்லாம் அந்த மயிலே இரவல் போக ஆரம்பித்தது. அதுவரை மூன்று பெண்களுக்குக் கல்யாணம் முடித்து வைத்த ராசியான மயில். வெள்ளிக்கிழமையே அம்மா போய் அதை முந்தானையால் மூடி எடுத்துவந்து, ஹாலில் ஆணி அடித்து மாட்டிவிட்டாள்.

எனக்கு வயிறு எரிந்தது. சித்தி போட்ட ஏரி கட்டிலுக்கு அடியில் இருக்க, எவளோ போட்ட மயில் எங்கள் சுவரில் தோகை விரித்து நிற்கிறதே! "உன் படத்தை மாட்டச் சொல்லு சித்தி" என்று அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தேன். "இருந்துட்டுப் போவட்டும்டி. மயிலு நல்லாத்தான கீது" என்றாள். அவள் குரலில் சுரத்தே இல்லை. மயிலால்தான் அவளுக்கு வருத்தம் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளையும், அவருடைய அம்மாவும், தாய்மாமனும் வந்தார்கள். பக்கத்து வீட்டு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை ஒல்லியாக, படிய வாரிய தலையோடு, கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு பரீட்சை எழுத வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். சித்தி கேசரித் தட்டோடு வந்தாள். கும்பிட்டாள். அந்த அம்மாளுக்குச் சித்தியைப் பிடித்துவிட்டது என்பது எனக்கே தெரிந்தது. அவள் கேசரியை வாயில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"மயிலு ஜோரா கீதே. பொண்ணு போட்டதா?"

"ஆமாங்க. எல்லாம் அவளே பண்ணதுதான். கைவேலன்னா அவளுக்கு உசுரு" என்று அம்மா துளிக்கூடக் கூசாமல் சொன்னாள்.

என் வாய் சும்மா இருக்குமா? "ஐய! அது சித்தி போட்டது இல்ல. மூணாவது வீட்டு அக்கா போட்டது. சித்தி போட்டது கட்டிலுக்கு அடியில கீது!" என்று சொல்லிவிட்டு, அம்மா என்னை எட்டிப் பிடிப்பதற்குள் ரூமுக்குள் ஓடினேன். துணியை உருவி எறிந்துவிட்டு, என் உயரத்தில் பாதி இருந்த அந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து ஹாலின் நடுவில் நிறுத்தினேன்.

சித்தி தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். முகம் வெளுத்துப்போனது. அதை வெட்கம் என்று நான் நினைத்தேன்.

"இன்னாது இது, குப்பைய பொறுக்கி ஒட்டி வெச்சிருக்கு? டிக்கெட்டாடா இதெல்லாம்?" என்று அந்த அம்மாள் மகன் பக்கம் திரும்பிக் கண்ணைச் சுருக்கினாள். தாய்மாமன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "மருமவனே, லீவு போட்டுட்டு வந்தாக்கூட உன் டூட்டி உன்னை உடல பாரு!" எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவைத்தார். அம்மா மட்டும் என்னைப் பார்த்த பார்வையில், அவர்கள் போன பிறகு எனக்கு என்ன காத்திருக்கிறது என்பது எழுதி ஒட்டியிருந்தது.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "இப்டி குடு பாப்பா" என்று படத்தை வாங்கி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். பெரியவர்கள் கல்யாணத்தை எந்த மாதம் வைக்கலாம், மண்டபம் யார் பார்ப்பது என்று பேச்சைத் தொடர்ந்தார்கள். அவர் வானத்தைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். அப்புறம் ஏரிக்கு வந்தார். டிக்கெட் கட்டைத் தடவுகிற பழக்கத்திலோ என்னவோ, கட்டைவிரலால் ஒவ்வொரு வரிசையாகத் தடவிக்கொண்டே போனார்.

"யாரு ஒட்டினது?"

"நானும் சித்தியும். பச்சை எல்லாம் நான்தான். நம்பர் பாத்து ஜோடி ஜோடியா ஒட்டணும். பிரிச்சா சித்தி குட்டுவாங்க."

அவர் விரல் நின்றது. குரலைத் தாழ்த்தி, "இந்த ரெண்டாவது டிக்கெட்டு உன்துதா?" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கண்டக்டருக்கு இதுகூடவா தெரியாது? "எனக்கு அரை டிக்கெட்டுதான! இது எல்லாமே முழு டிக்கெட்டு. நான் சித்தியோட கிளாஸுக்குப் போகவே மாட்டேன். அவுங்க தனியாத்தான் போவாங்க."

"கிளாஸு எங்க?"

"அம்பத்தூர்ல. டைப்பிங்."

"அம்பத்தூருக்கு ரோஸுதான தருவோம்" என்று தனக்குத்தானே சொல்வதுபோல் ஆரம்பித்தவர், அதோடு நிறுத்திக்கொண்டார்.

பிறகு நிமிர்ந்து சித்தியைப் பார்த்தார். பெண் பார்க்கிற இடத்தில் பெண் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். சித்தி குனியவில்லை. அவரையே நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் பார்வையைத் தாழ்த்திக்கொண்டவர் அவர்தான்.

"படம் ரொம்ப நல்லா கீது பாப்பா" என்றார் என்னிடம். குரல் இப்போது ஹாலுக்கே கேட்கும்படி இருந்தது. "ஒரே ஒரு கொறதான். தண்ணிக்குள்ள நம்பரு தெரியுது பாரு. ஏரியில யாராவது நம்பரு போடுவாங்களா? மேல நீலம் அடிச்சிடுங்க. நல்லா கெட்டியா அடிங்க. இன்னிக்கே அடிச்சிடணும். ஒருத்தர் கண்ணுக்கும் நம்பரு தெரியக் கூடாது. அப்பதான் தண்ணி தண்ணி மாதிரி இருக்கும்."

சொல்லிவிட்டு எழுந்து, படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். முன்பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைத்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். டிக்கெட் கிழிக்கிற ஆள், அவருக்குப் படத்தைப் பற்றி என்ன தெரியும்? அத்தனை நம்பரையும் கண் வலிக்கப் பார்த்துப் பார்த்து ஒட்டியவள் நான். அதை மூடச் சொல்கிறார். மூடச் சொன்னதும் போதாதென்று படத்தைத் திருப்பி வேறு வைக்கிறார். அவமானம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர்கள் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். கதவு சாத்தியதும் என் முதுகில் ரெண்டு விழுந்தது. "மானத்த வாங்கிட்டியேடி! உன்னை யாருடி கேட்டாங்க?" மூன்றாவது அடி விழுவதற்குள் சித்தி குறுக்கே வந்து என்னை அணைத்துக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலமே சித்தி சொட்டு நீலத்தைப் பசையில் குழைத்தாள். அந்த ஆள் சொன்னபடியே கெட்டியாகக் குழைத்தாள். நான் அழுதேன். "அந்தாளு சொன்னா நீ கேப்பியா சித்தி? நான் ஒட்டுன நம்பரு எல்லாம் போயிடும்." அவள் பாட்டுக்குப் பூசினாள். ஒரு ஜோடி, அடுத்த ஜோடி என்று ஒவ்வொன்றாக நீலத்தில் மூழ்கடித்தாள். பூசிக்கொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். துடைத்ததில் முகமெல்லாம் நீலம். அதைப் பார்த்து எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. இதில் என்னால் மறுக்க முடியாத ஒரு விஷயம், பூசி முடித்ததும் அது நிஜமாகவே தண்ணீர் மாதிரி இருந்தது. அந்த எரிச்சல் வேறு.

நாலாம் நாள் தரகர் வந்தார். ஜாதகத்தைத் திரும்பப் பார்த்தார்களாம். முதலில் பார்த்தவர் தப்பாகச் சொல்லிவிட்டாராம். பொருந்தவில்லையாம்.

"எட்டுப் பொருத்தம் நாலு நாள்ல எங்கய்யா போவும்?" என்று அம்மா தரகரைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தம்மாவுக்குப் புடிச்சிதான்மா இருந்துச்சு. புள்ளதான் ஒரே புடியா வேணாம்னுட்டானாம். நான் இன்னா பண்ணட்டும்?"

அம்மா அந்தக் கண்டக்டரைத் திட்டிய திட்டை எழுத முடியாது. குப்பைப் படத்தைப் பார்த்துவிட்டு, பெண்ணுக்குக் கிறுக்கு என்று நினைத்துவிட்டான் என்பது அவள் கட்சி. இனிமேல் வீட்டில் மஞ்சள் தூள் டப்பாவை எவளாவது தொட்டால் கையை முறித்துவிடுவேன் என்றாள். மயில் மறுபடியும் முந்தானைக்குள் மறைந்து மூன்றாவது வீட்டுக்குப் போனது. ராசி கெட்டுவிட்டது என்று அப்புறம் அதை யாரும் இரவல் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யார் பேரைச் சொன்னாலும் ரெண்டாவது பேச்சு அந்தக் கண்டக்டரைப் பற்றியதாகவே இருந்தது. நானும் அம்மாவோடு சேர்ந்துகொண்டு என் பங்குக்குத் திட்டினேன்.

ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பயம். சித்தியின் கல்யாணத்தைக் கெடுத்தது நான்தான். மயில் பாட்டுக்கு மயிலாக இருந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நான் ரெண்டு நாள் சித்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் சித்தி கிளாஸ் முடிந்து வரும்போது எனக்கு ஒரு கிரேயான் பெட்டி வாங்கி வந்தாள். இருபத்துநாலு கலர். தங்க நிறமும் வெள்ளி நிறமும்கூட உண்டு. முதுகில் வாங்கிய அடிக்கு மருந்து என்று எடுத்துக்கொண்டேன். கல்யாணம் நின்றுபோன வீட்டில் அவள் எதற்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக என் தலையைப் பின்னிவிட்டாள் என்று நான் யோசிக்கவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து, தான் ஒருவரை விரும்புவதாகச் சித்தி வாயைத் திறந்தாள். அதற்குள் அவர், அதாவது இன்றைய சித்தப்பா, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் நிரந்தரமாகிவிட்டிருந்தார். அம்மா ரெண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அப்பாதான், "நல்ல பையனாத்தான் கீறான், உடு" என்றார். கோயிலில் மாலை மாற்றி, வீட்டில் வடை பாயசத்தோடு கல்யாணம் முடிந்தது. அம்மாவுக்கு இன்றைக்கு அவரைவிட உசத்தியான மாப்பிள்ளை உலகத்திலேயே கிடையாது.

அந்த ஏரி சித்தி வீட்டு ஹாலில் கண்ணாடிக்குள் தொங்குகிறது. போன மாதம் அங்கே போயிருந்தபோது பார்த்தேன். வெயிலில் மஞ்சள் பறந்துபோய் வானம் வெறும் அட்டையாகிவிட்டது. கடுகுகள் உதிர்ந்துவிட்டன. சொட்டு நீலமும் வெளுத்துப்போயிருந்தது. இப்போதுதான் நான் பெரிய ஓவியர் ஆயிற்றே, மூன்று டப்பாவும் இருக்கிறதே, நானே சரி செய்து தருகிறேன் என்று படத்தைக் கழற்றி மடியில் வைத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். நீலத்துக்கு அடியிலிருந்து நம்பர்கள் மேலே வந்திருந்தன. முப்பத்தேழு, முப்பத்தெட்டு. பக்கத்து ஜோடி. அடுத்த ஜோடி. எல்லாம் பச்சை. எல்லாம் முழு டிக்கெட். ரெண்டு பேர் ஒன்றாக ஏறி, ஒருவர் கையிலிருந்து காசு கொடுத்து, கண்டக்டர் ஒரே இழுப்பில் கிழித்துக் கொடுத்தவை. அம்பத்தூரில் இறங்காமல் தாண்டிப் போனவை. தாண்டிப் போய் இறங்கி நடந்தால் என்ன வரும்? தினமும் நான் பால்கனியில் நின்று காப்பி குடித்துக்கொண்டே பார்க்கிற அயனம்பாக்கம் ஏரிதான் வரும்.

"சித்தி!" என்றேன்.

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் தெரிஞ்சுதாடி உனக்கு? நீ எப்பவோ கண்டுபுடிச்சிருப்பன்னு நெனச்சேன்" என்றாள். அடுத்த காயை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள். "உங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாத எழுத்துல எழுதி வெச்சிருக்கோம்னு தெகிரியமா இருந்தேன். அதப் படிக்கத் தெரிஞ்ச ஆளையே கூட்டிகினு வந்து உக்கார வெச்சா. அந்தாளு அன்னிக்கு ஒரு வார்த்த வாயத் தொறந்திருந்தா, உங்கம்மா அடுத்த முகூர்த்தத்துலயே என்னை எவன் தலையிலயாவது கட்டியிருப்பா. பாவம், பழிய தன் மேல போட்டுகினு போயிட்டாரு."

மேலே மறுபடியும் நீலம் பூசட்டுமா என்று கேட்டேன். "வேணாம்டி. இனிமே யாருக்குப் பயம்? தெரியட்டும்" என்றாள்.

ஒன்றை நான் இதுவரை சொல்லவில்லை. சித்தியிடம்கூடச் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கிளம்பியபோது நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தாயும் மாமனும் முன்னால் போய்விட்டார்கள். அவர் தெருமுனை வரைக்கும் போனவர், நின்று திரும்பி, என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். பஸ் படிக்கட்டில் நின்றுகொண்டு ஆட்டுவார்களே, அந்த மாதிரி உயரத் தூக்கி ஆட்டினார். நான் டாட்டா காட்டட்டும் என்று கொஞ்ச நேரம் வெயிலில் காத்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதர் தனக்குப் பிடித்துப்போன பெண்ணை அவள் விரும்பியவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறார் என்று எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை. அவர் பேர்கூட எனக்குத் தெரியாது. என் படத்தைக் குறை சொன்ன ஆள், அவ்வளவுதான். ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நான் உள்ளே போய்விட்டேன்.